அத்தை ஒயரிங்

எங்கள் அத்தையை நினைத்தால் அவருடைய முகத்தைவிட முதலில் பாதங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. புனேயை ஒட்டிய நிக்டியில் நாங்கள் குடியிருந்த காலனியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய காலி இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிவப்புப் பெயிண்ட் அடித்த ட்ரெய்லரின் அடியில் சாக்கை விரித்து அத்தை மல்லாந்து படுத்திருந்தார். வெடித்த குதிகால்களும் மண் ஒட்டிய விரல்களும் மட்டும் வெளியே தெரிந்தன. ட்ரெய்லரோடு பூட்டியிருந்த பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அண்ணன். பின்னால் நின்று எந்த விளக்கு எரிகிறது என்று சத்தமாகச் சொல்வது என் வேலை. "பிரேக்கை மிதி சாமி" என்று அடியிலிருந்து குரல் வரும். அண்ணன் மிதிப்பான், நான் சொல்வேன். "லெஃப்ட் போடு." போடுவான், சொல்வேன். வெகுநேரம் எல்லாமே தப்புத் தப்பாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு தடவை, மிதித்ததும் சிவப்பு விளக்குகள் இரண்டும் ஒன்றுபோலப் பளிச்சென்று எரிந்தன. இடதுபக்கம் போட்டதும் இடது மஞ்சள் மட்டும், மற்ற எதையும் தொந்தரவு செய்யாமல், அழகாக விட்டுவிட்டு எரிந்தது. அத்தை சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் துரு. அண்ணன் இறங்கி ஓடிவந்து கைகொடுத்து அவரைத் தூக்கினான். இருவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். அங்கே இருந்த நாங்கள் மூவரும் இன்றும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் காலையைப் பற்றி மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது இனி நடக்காது.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் காயில் சுற்றும் வேலை பார்த்தவர். தாமிரக் கம்பி அவருக்குப் பூத்தொடுக்கும் நார் மாதிரி. மாமா மினி டெம்போ ஓட்டினார்; அவரிடமே அத்தையும் ஓட்டப் பழகினார். பிள்ளையில்லை. மாமா காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகும் அத்தை அதே பட்டறையில், அதே வாடகை வீட்டில், யாரையும் எதிர்பார்க்காமல்தான் இருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா இறந்தாள். அப்பா பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போகிறவருக்குச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஊருக்குப் போய், "அம்மிணி, நீ வந்தாத்தான் என்ற வீடு நிக்கும்" என்று சொல்லி அத்தையை அழைத்து வந்தார். இதை அப்பாவே அந்த நாட்களில் பெருமையாக எல்லோரிடமும் சொல்வார். எனவே அத்தை எங்கள் வீட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்தவரல்ல. எங்களைக் காப்பாற்ற வந்தவர். பிற்பாடு இந்த வரிசையைச் சொந்தக்காரர்கள் தலைகீழாக மாற்றிச் சொன்னார்கள். "போக்கிடமில்லாத தங்கச்சியைக் கூட்டி வந்து வெச்சுக்கிட்டான், அதுக்குத்தான் இந்தப் பலன்" என்று.

எனக்கு ஹிஞ்ஜவடியில் வேலை கிடைத்தது. அம்மா இறந்தபோது இரண்டு வருடம் படிப்பை விட்டிருந்த அண்ணன் அப்போதும் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் பகலெல்லாம் யாருமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத அத்தை ஒருநாள் அப்பாவோடு சாகண் பக்கம் ஏதோ வேலையாகப் போனார். தொழிற்சாலை வாசல்களில் காலை ஷிஃப்டுக்கு வந்த ஆட்கள் வடை வைத்த வடாபாவ் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே விழுங்குவதைப் பார்த்திருக்கிறார். அதில் பாதிப் பேர் தமிழ் பேசினார்களாம். "இவுங்களுக்கு நாலு இட்லி குடுக்க ஆளில்லையா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு பழைய பிக்கப் வாங்கியாகிவிட்டது. போசரியில் ஒரு வெல்டரிடம் சொல்லி இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றும் செய்தாகிவிட்டது. ட்ரெய்லரின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தினால் அது கூரை. உள்ளே இட்லி அடுப்பு, தோசைக்கல், சாம்பார் குண்டா. விடியும் முன்னே மாவோடு கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் பாத்திரம் காலி. நடத்துவது பெண்பிள்ளை என்றாலும் அங்கிருந்த மராத்திக்காரர்கள் அதை 'அண்ணாச்சி காடி' என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு 'அண்ணாவின் வண்டி' என்று பொருள். தெற்கிலிருந்து வந்த எல்லோருமே அவர்களுக்கு அண்ணாதான். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "மீசை ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

விளக்குத் தொல்லை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ட்ரெய்லருக்கென்று சொந்தமாக மின்சாரம் கிடையாது. அதன் மூக்கிலிருந்து ஒரு தடித்த கேபிள் வரும். கேபிள் நுனியில் ஏழு பின் வைத்த உருண்டை ப்ளக். அதை பிக்கப்பின் பின்பக்கம் பம்பருக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால்தான் முன்வண்டியில் பிரேக் மிதிப்பது பின்வண்டியின் விளக்குக்குத் தெரியும். எங்களுக்கு வாய்த்த ட்ரெய்லரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. இடதுபக்கம் போட்டால் வலதும் சேர்ந்து துடித்தது. இரவில் எரியும் பின்விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கு செத்துவிட்டது. மழை பெய்தால் ஒன்றுமே எரியவில்லை. தளவடேயில் ஒரு மெக்கானிக் பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ஃப்ளாஷரையும் மாற்றினார். இரண்டு நாள் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் பழையபடி. அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. இருட்டோடு கிளம்புகிற வண்டி, பின்னால் சரக்கு லாரிகள் வரும் சாலை. "எனக்குப் பின்னாடி வர்றவனுக்கு நான் நிக்கறது தெரியோணுமல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வலிய வந்தான். "அத்தை, நாம ரெண்டு பேரும் உக்காந்து பாத்தரலாம்" என்றான். முதலில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் சோதிப்பது என்பது அவன் யோசனை. அத்தை ஒரு பழைய பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்தார். ஒரு நுனியை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, மறு நுனியால் சாக்கெட்டின் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டார். நான் உள்ளே உட்கார்ந்து அவர்கள் சொன்னதையெல்லாம் போட்டேன். எல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஆக, கோளாறு முன்வண்டியில் இல்லை. ப்ளக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே பாசி மாதிரி பச்சை. பாத்திரம் கழுவிய தண்ணீர் நாள்தோறும் அதன்மேல் வழிந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, இற்றுப்போன நுனிகளை வெட்டி, புதிதாக முடுக்கினார்கள். அப்படியும் பாதிதான் சரியானது. பிறகு அண்ணன் கொஞ்சநேரம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சொன்னான்: "கரண்ட் போறதுக்கு வழி இருக்குது அத்தை. திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்ல." பாட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமாக ஓர் ஒயரை இழுத்துக் கொண்டுபோய் ட்ரெய்லரின் விளக்கு அடியில் வைத்தான். எல்லாம் சரியாக எரிந்தது. எடுத்தான்; மறுபடியும் குழப்பம். மின்சாரம் திரும்பி வரவேண்டிய எர்த் ஒயரை வெல்டர் பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டிருந்தார். பெயிண்ட் வழியாக மின்சாரம் போகுமா? அத்தை அடியில் படுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் தடவினார். அதுவும் போதாதென்று ப்ளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக எர்த் இழுத்தார்கள். ஒயரை அண்ணன் அளந்து வெட்டித் தர, அத்தை முறுக்கிப் பொருத்தினார். நான் முதலில் சொன்ன அந்தக் கணம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதன் பின் அந்த விளக்குகள் ஒருநாளும் ஏமாற்றவில்லை. அடுத்து வந்த மழைக்காலங்களில் புனேயே மிதந்தபோதும் அவை எரிந்தன. ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது ப்ளக்கை மூடியிட்டு, தண்ணீர் படாதபடி அதன் மூக்கில் இருந்த ஒரு கொக்கியில் மாட்டிவைப்பார் அத்தை. கிளம்பும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார்: "வண்டியைப் பூட்டு, ப்ளக்கைச் சொருகு, பின்னாடி போய் ஒருக்கா பாரு." அண்ணனுக்கும் வண்டியைக் கொடுத்துப் பழக்கிவிட்டார். லீவு நாட்களில் அவனும் கூடப் போவான். திரும்பும்போது அவன்தான் ஓட்டுவான். அம்மா போன பிறகு அவன் மனம்விட்டுப் பேசியது அத்தையிடம் மட்டுமே. ஜெர்மனியில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதை அப்பாவுக்கு முன்னால் அவரிடம்தான் சொன்னான். இடம் கிடைத்த செய்தி வந்த அன்று அத்தை தொழிற்சாலை வாசலில் இருந்த எல்லோருக்கும் கேசரி கொடுத்திருக்கிறார். "அண்ணாவோட பையன் ஃபாரின் போறான்" என்று காவலாளிகள்கூட என்னிடம் சொன்னார்கள்.

விசா நேர்காணலுக்கு அவன் காத்திருந்தபோதுதான் அது நடந்தது. ஊரெங்கும் சிக்குன்குன்யா. அத்தைக்கு அன்று காலை வியாபாரத்தின் நடுவிலேயே கைகால் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. வியாபாரத்துக்காகக் கழற்றி நிறுத்தியிருந்த ட்ரெய்லரை அப்படியே தொழிற்சாலை வாசலருகே விட்டார். அதைத் திரும்பப் பூட்டும் தெம்புகூட இல்லாமல் பிக்கப்பை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விழுந்தார். மதியம் வாசலிலிருந்து போன் வந்தது. யாரோ பெரிய மனிதர் மறுநாள் வருகிறார், மாலைக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். "நான் போய்க் கொண்டாந்துர்றேன் அத்தை, நீங்க படுங்க" என்று அண்ணன் கிளம்பினான். அன்போடுதான் போனான், அதை நான் மறுக்க முடியாது. தூறல், மங்கிய வெளிச்சம். ட்ரெய்லரைப் பூட்டினான், சங்கிலி போட்டான், ப்ளக்கைச் சொருகவில்லை. ஏன் என்று இன்றுவரை அவனுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பும் வழியில் சாலையின் குறுக்கே எருமை ஒன்று வர, பிரேக் போட்டிருக்கிறான். பின்னால் விளக்கே எரியாத ட்ரெய்லரில், ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞன் மோதினான். லாத்தூர் பக்கத்துப் பையன், ஒப்பந்தத் தொழிலாளி. இடுப்பும் ஒரு காலும் நொறுங்கிப்போயின. வழியில் போனவர்கள் அவனை ஒரு டெம்போவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் வர நேரமானது.

அண்ணன் போலீஸைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா அத்தையைப் படுக்கையிலிருந்து எழுப்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். ஆட்டோவில் என்ன நடந்தது என்று பல நாள் கழித்து அத்தையே சொன்னார். பழியை நீ ஏற்றுக்கொள் என்று அப்பா வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லையாம். "அம்மிணி, பையனுக்கு விசா..." என்று தொடங்கி, முடிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். போலீஸ்காரர் வந்து மராத்தியில் கேட்டார், வண்டியை யார் ஓட்டியது என்று. அத்தைக்கு அவ்வளவாக மராத்தி வராது. ஆனால் 'நான்' என்பதற்கு அந்த மொழியில் 'மீ' என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "மீ" என்றார். அந்த ஓர் எழுத்தோடு அவருடைய பிழைப்பு முடிந்தது. அண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் வாக்குமூலம் எழுதும் முன் ஒரு யோசனை சொன்னார். ப்ளக்கைச் சொருக மறந்தேன் என்றால் அது கவனக்குறைவு. விளக்கு திடீரென்று பழுதாகிவிட்டது என்றால் கெட்ட நேரம். அதனால் ஒயரிங் கோளாறு என்று சொல்லச் சொன்னார். அத்தை சொன்னார். ஒயரிங் யார் செய்தது என்ற கேள்வி வந்தது. தளவடே மெக்கானிக்கின் பெயரைச் சொல்லிவிடு என்று அப்பா காதருகில் சொல்லியிருக்கிறார். அதற்கு மட்டும் அத்தை இணங்கவில்லை. சம்பந்தமில்லாதவன் தலையில் போட முடியாது என்று, "நானே போட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்று அந்த ஸ்டேஷனில் யாராவது ஒருவர் நேர்மையாக இருந்தார் என்றால் அது அந்த ஒரு வரியில்தான். அதுவே பின்னால் அவர் கழுத்தை இறுக்கியது.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரியாது. அத்தைதான் காய்ச்சலோடு பிடிவாதமாகப் போய் ஓட்டினார் என்று அப்பா என்னிடமும் சொல்லியிருந்தார். நானும், சொல்லாமல் கொள்ளாமல் எப்போது எழுந்து போனார் என்று அத்தை மேலேயே வருத்தப்பட்டேன். இரண்டொரு நாள் கழித்து, ட்ரெய்லரில் இருக்கிற மாவும் சாம்பாரும் நாறுகின்றன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அத்தையை ஸ்கூட்டரில் உட்காரவைத்து நான்தான் கூட்டிப்போனேன். படி இறங்கவே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. ஸ்டேஷன் பின்புறத்தில், பிடிபட்ட வண்டிகளின் நடுவே ட்ரெய்லர் நின்றது. பின்பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் முன்பக்கம், அதன் மூக்கில், ப்ளக், மூடிகூடக் கழற்றப்படாமல், அதன் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மோதலில் பிய்ந்துகொண்டு வந்ததுபோல இல்லை. சொருகவே இல்லை என்று பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது. அத்தை வண்டி ஓட்டியிருந்தால் அது நடந்திருக்காது. வீட்டில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்த இன்னொருவன் அண்ணன் மட்டும்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்து, ட்ரெய்லரின் அடியில் கையை விட்டிருந்தார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாத கண்ணு. நாளைக்கு ஆபீசர் வந்து ப்ளக்கைச் சொருகிப் பாப்பாராம். எல்லாம் எரிஞ்சுதுன்னா நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். நீ குண்டாவை எடு."

வீங்கிய விரல்களால் ஸ்பானரைத் திருப்ப முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினார். அவரே சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவிய போல்ட். இறுக்கிக் கட்டியவருக்கே அது இளக மறுத்தது. வலியில் வாயைக் கடித்துக்கொண்டு, கடைசியில் கழற்றினார். தனித்தனியாக இழுத்திருந்த ஒயர்களையும் ப்ளக்கைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார். எழுந்து நிற்க என் தோளைப் பிடித்தபோது அவர் கை அனலாகக் கொதித்தது. நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "போ. போய்ச் சொன்னா அவனையும் புடிப்பாங்க, பொய் சொன்னதுக்கு என்னையும் புடிப்பாங்க. யாருக்காகப் போற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் பார்த்து முடித்துவிட்டவர் குரல் அது.

அன்று மாலை அப்பாவோடு நான் போட்ட சண்டைதான் எங்களுக்குள் மனம்விட்டு நடந்த கடைசிப் பேச்சு என்று சொல்லலாம். அப்பா கத்தவில்லை. "அவளுக்கு இனிமே என்ன இருக்கு? பையனுக்கு வாழ்க்கை இருக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தை சமையலறையில் இருந்தார், கேட்டிருக்கும். அண்ணன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மாதம் முடிவதற்குள் நான் பாணேரில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டேன். அண்ணன் விசா கிடைத்துக் கிளம்பும் அன்று அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டான், "நான் பாத்துக்கறேன் அத்தை" என்றான் என்று அப்பா பின்னாளில் சிலாகித்துச் சொல்வார். அங்கே போனதும் அத்தைக்கு ஒரு தடவை போன் செய்தான். பிறகு இல்லை.

அடிபட்ட பையனைப் பார்க்க அத்தை மருத்துவமனைக்குப் பலமுறை போனார். முதல் தடவை நானும் போனேன். பையனின் அம்மா, கிராமத்திலிருந்து வந்த ஒல்லியான பெண், வார்டு வாசலிலேயே வழிமறித்து, பொம்பளைக்கு எதற்கு வண்டி, கம்பியைப் பிடிக்கத் தெரியாத கைக்கு எதற்கு ஒயரிங் வேலை என்று மராத்தியில் கேட்டாள். அத்தைக்கு ஒவ்வொரு சொல்லும் புரியவில்லை, புரியவேண்டியது புரிந்தது. தலையைக் குனிந்து நின்றார். வேறொருவன் வாங்கவேண்டிய சாபம் அது. அந்தத் தாய்க்காவது உண்மை தெரிந்திருக்கலாம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அவள் சரியான ஆளைச் சபித்திருப்பாள். பிக்கப்பை விற்று அந்தப் பையனின் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். அவன் நடந்தான், ஆனால் பழையபடி நடக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் அத்தைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் போனது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது; ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தார். ட்ரெய்லர் அந்த ஸ்டேஷன் பின்புறத்திலேயே கொடி படர்ந்து மக்கியது. அப்பாவின் வீட்டிலிருந்து அவர் வெளியேறிய நாள் எனக்குத் தெரியாது. ஒருநாள் போன் செய்தபோது சாகணில் இருப்பதாகச் சொன்னார். கைப்பேசியில் கொதிக்கிற எண்ணெயின் சத்தம் கேட்டது.

தொழிலாளர்கள் தங்கிச் சாப்பிடும் மெஸ் ஒன்றில் சமையல். பின்கட்டில் ஓர் அறை. மாதம் ஒருமுறையாவது நான் போவேன். அண்ணனைப் பற்றி நான் கசந்து பேசும்போதெல்லாம் அத்தை என்னை அடக்குவார். "சின்னப் பையன் கண்ணு. பயந்துட்டான். அங்க போயி படிப்பு, வேலை, கல்யாணம், கொழந்தைக... அவனுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுது? மறந்திருப்பான்." சொல்லிவிட்டு எனக்குத் தட்டில் இன்னொரு கரண்டி போடுவார். அவருக்கு எங்கிருந்து இந்தப் பொறுமை வருகிறது என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

சென்ற தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு நிக்டிக்கு வந்தான். அப்பாவுக்கு உடம்பு முன்போல் இல்லை, வந்துவிட்டுப் போ என்று அவனே போனில் கூப்பிட்டதால் நானும் போனேன். பால்கனியில் கட்டியிருந்த சீரியல் விளக்கு பாதி எரிந்து பாதி எரியாமல் மின்னிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டூலில் ஏறி ப்ளக்கை ஆட்டிப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அரே, இது அத்தை ஒயரிங் மாதிரியில்ல இருக்கு." குழந்தைகள் இரண்டும் கைதட்டிச் சிரித்தன. எனக்கு முதலில் புரியவில்லை. பெரியவள், எட்டு வயதிருக்கும், தமிழ் அவளுக்குத் தட்டித்தடுமாறித்தான் வரும், என்னிடம் விளக்கினாள். "எங்க வீட்லயும் சொல்வோம். டோஸ்டர் வேலை செய்யலைன்னா, கார் ஸ்டார்ட் ஆகலைன்னா, அப்பா சொல்வார், அத்தை ஒயரிங். பேட் வொர்க் அப்டின்னு அர்த்தம்." அவளுக்கு அந்த அத்தை யார் என்றுகூடத் தெரியவில்லை. நான்தான் அந்த அத்தையா என்று என்னையே கேட்டாள்.

குழந்தைகள் முன்னால் பேசியிருக்கக் கூடாது என்று அண்ணி பிறகு சொன்னாள். இருக்கலாம். நான் பேசினேன். "அந்த ஒயரிங்கை எங்க அத்தையும் உங்கப்பாவும் சேர்ந்து போட்டாங்க. நான் பக்கத்துல இருந்தேன். அது ஒருநாள்கூடக் கெட்டுப்போகலை. அன்னைக்கு வண்டி ஓட்டினது உங்கப்பா. ப்ளக்கைச் சொருகாம ஓட்டினார்" என்றேன். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையில் இருந்த சீரியல் ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றிக்கொண்டு நின்றான். அப்பாதான் பேசினார். "என்ன பேசற நீ? ஒயரிங் சரியில்லைன்னு அவளே எழுதிக் குடுத்தாளே. போலீஸ்ல இருக்குதே." அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. ஆட்டோவில் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அவர் எப்போதோ தொலைத்துவிட்டிருந்தார். இருந்தது அத்தையின் கையெழுத்து மட்டும். அவரோடு வாதாட என்னால் முடியவில்லை. நினைவே இல்லாதவரிடம் எதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாளே சாகணுக்குப் போனேன். மெஸ்ஸில் பண்டிகைக் கூட்டம் இல்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். அத்தை பின்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மூட்டுவலி அவரை விட்டுப் போகவே இல்லை. விரல்கள் சற்றே கோணிவிட்டன. நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 'அத்தை ஒயரிங்' என்ற அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. பேச்சு எப்படியோ பழைய விபத்துக்குப் போயிற்று, நான் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் போலிருக்கிறது. அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைங்க அத்தை."

"நீ பொய் சொல்றேன்னு சொல்லலியா?"

"இல்ல."

"அப்படியான்னு கேக்கவும் இல்லியா? புதுசாக் கேக்கற மாதிரி?"

"இல்லைங்க. தலையைக் குனிஞ்சு நின்னான்."

அத்தையின் கை நின்றது. முறத்தில் கிடந்த பூண்டுத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அவனுக்கு ஞாபகம் இருக்குது" என்றார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தக் கணம்வரை நினைத்திருந்தேன்.

"மறந்துட்டான்னு நெனச்சுத்தான் கண்ணு, இத்தனை நாளும் அவனை மன்னிச்சிருந்தேன்."

முன்கட்டில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அத்தை முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, தரையில் கையூன்றி மெல்ல எழுந்து, அவர்களுக்குத் தட்டு வைக்கப் போனார்.